விசுவம்பரன் கூப்பிட்டால் வராத வாத்து கிடையாது

விசுவம்பரனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவன் தொண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆள் ஒல்லி. கால் இரண்டும் வளைந்தது. முகத்தில் நின்று பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் கேரளத்துக் குட்டநாட்டில் எங்கள் பக்கத்துக் காயலை ஒட்டி வாத்து மேய்க்கிற இருபது முப்பது பேரில் அவனுக்கு இருந்த குரல் வேறு ஒருவனுக்கும் கிடையாது. எனக்கும் கிடையாது. நான் சொல்கிறேன் என்றால் அது உண்மையாகத்தான் இருக்கும். இந்தத் தொழிலில் எனக்கு மேல் ஒருவன் இருக்கிறான் என்று வேறு எந்த விஷயத்திலும் நான் ஒத்துக்கொண்டது இல்லை.

என் பெயர் வாவச்சன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி வருஷம். இருபத்திரண்டு குஞ்சோடு தொழில் தொடங்கினேன். இன்று எனக்கு இரண்டு பட்டி வாத்து, மோட்டார் வைத்த வள்ளம், வெள்ளம் ஏறாத உயரத்தில் கட்டிய வீடு. எவனும் கை தூக்கிவிடவில்லை. வாத்து ஒன்று இருமினால் அது சளியா தீனியா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மிருக டாக்டர்களே என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுப்பார்கள்.

வாத்துக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு கூப்பாடு உண்டு. குஞ்சு வாங்கி வந்த அன்றிலிருந்து தீனி போடும்போதெல்லாம் அந்தக் கூப்பாட்டைப் போட வேண்டும். மூன்று வாரத்துக்குள் அது குஞ்சின் மண்டையில் ஏறிவிடும். அப்புறம் ஆயிரம் வாத்து காயலில் எங்கே மிதந்தாலும் அந்தக் குரலுக்குத்தான் திரும்பும். மூன்று வாரத்தில் ஏறாவிட்டால் ஆயுளுக்கும் ஏறாது. என்னுடையது ‘தா தா தா’ என்று கட்டைக் குரல். விசுவம்பரனுடையது ‘ஹோ…ய்’ என்று நீண்டு போய், நடுவில் ஒரு இடத்தில் உடைந்து, ‘மக்களே வா’ என்று தணிந்து இறங்கும். ஒரு தடவை என் வாத்துகளில் நாற்பது ஐம்பது என்னை விட்டுவிட்டு அவன் வள்ளத்தின் பின்னால் போய்விட்டன. எனக்கு எவ்வளவு அவமானம்!

அவன் பெண்சாதி லீலாமணிக்கு வாய் அதிகம். ஒரு நாள் என் முன்னாலேயே கேட்டாள்.

“கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துல என்னை ஒரு தடவையாவது இந்த மாதிரிக் கூப்பிட்டிருப்பீங்களா?”

“உன்னை எதுக்குக் கூப்பிடணும்? நீதான் கூப்பிடாமலே வந்து நிக்கிறியே” என்றான் அவன்.

நாலு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமசுக்கு ஐந்து வாரம் இருந்தபோது நோய் வந்தது. முதலில் வாத்துகளின் கண் பால் மாதிரி வெளுத்தது. பிறகு கழுத்து திருகியது. நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி விழுந்தன. டாக்டர்கள் எடுத்துப் போய்ச் சோதித்துவிட்டு, பறவைக் காய்ச்சல் என்றார்கள். வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டார்கள். வட்டத்துக்குள் நோய் வந்ததும் வராததும், வாத்தும் கோழியும், எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

என் இரண்டு பட்டியும் வட்டத்துக்குள்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன், சட்டையை மாட்டினேன், சங்கனாச்சேரியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். மூன்று நாள் அங்கே சீட்டு விளையாடினேன், மாட்டிறைச்சியும் மரவள்ளிக்கிழங்கும் வயிறு முட்டத் தின்றேன். நாலாம் நாள் திரும்பி வந்தபோது பட்டியில் சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு வாரம் முழுக்க வேலி பிரித்தேன், கம்பு நட்டேன், கை கொப்பளிக்கிற வரைக்கும் வேலை செய்தேன். எழுந்துவிட்டேன். மனசு என்பது வள்ளம் மாதிரி, தண்ணீர் ஏறினால் இறைத்துக் கொட்டிவிட்டுத் துடுப்பால் துழாவ வேண்டியதுதான் என்று அப்போது எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

விசுவம்பரன் எங்கேயும் போகவில்லை.

அங்கே நடந்ததை லீலாமணிதான் எனக்குச் சொன்னாள். வெள்ளை உடுப்பு போட்ட ஆட்கள் வந்ததும் வாத்துகள் மிரண்டு நடுக்காயலுக்குப் போய்விட்டன. இரண்டு படகில் வலை வீசிப் பார்த்தார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை முப்பதுகூடப் பிடிபடவில்லை. கடைசியில் அதிகாரி கரைக்கு வந்து இவனிடம் கேட்டாராம்.

“நீங்க கூப்பிட்டா வந்துருமாமே?”

இவன் திருப்பி, “வலையில பிடிச்சா எப்படி சார் சாகும்?” என்று கேட்டிருக்கிறான்.

“மூச்சு முட்டும். றெக்கை உடையும். எல்லாத்தையும் பிடிக்க ரெண்டு நாளாவது ஆகும்.”

“கரைக்கு வந்தா?”

“சட்டுன்னு முடிஞ்சுரும்.”

அப்புறம் வரப்பின் மேல் ஏறிக் கூப்பிட்டான். ஹோய், மக்களே வா. இரண்டாயிரத்து அறுநூறும் திரும்பின. கழுத்து திருகினவைகூட வளைந்து வளைந்து நீந்தி வந்தனவாம். தீனி வைக்கிற இடத்தில், அவன் காலைச் சுற்றி, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றன. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்து, எரிக்க விறகு அடுக்கிவிட்டார்கள். அதிகாரி அவன் தோளில் தட்டி, ரொம்ப உதவி என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அவன் செய்தது சரி. இன்றைக்கும் எவன் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அவனிடம் அதை நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்த விசித்திரம். பேசுவான், கேட்டால் பதில் சொல்வான், சிரிக்கக்கூடச் செய்வான். ஆனால் கூப்பிட மாட்டான். வாத்தை மட்டும் இல்லை, யாரையும். அக்கரையில் நிற்கிற பெண்சாதியைக் கூப்பிட மாட்டான். படகுத் துறையில் அரசுப் படகு நிற்காமல் போனால் எங்கள் ஊரில் எல்லோரும் கத்தி நிறுத்துவோம். இவன் கையை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்பான். படகு போய்விடும். அடுத்த படகுக்கு ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

கள்ளுக்கடையில் சுகுணன் என்று ஒரு வாயாடி. “விசுவம்பரா, இன்னொரு குப்பி வேணும்னா எப்படிடா கேப்ப? குப்பிக்குக் கையைத் தூக்கிக் காட்டுவியா?” என்றான் ஒரு நாள்.

“குப்பி தூரத்துல இல்லையே சுகுணா, பக்கத்துலதானே இருக்கு” என்று இவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் பாதிக் குப்பியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான்.

நான் சும்மா இருப்பவன் இல்லை. ஒருவனைத் தூக்கி நிறுத்துவது என்று இறங்கிவிட்டால் விட மாட்டேன். மறுநாளே அவன் வீட்டுக்குப் போய் என் வழிகளை எல்லாம் சொன்னேன். பொழுது விடியும் முன் எழுந்து குளி. பசிக்காவிட்டாலும் நேரத்துக்கு உண். தனியாக உட்காராதே. நெஞ்சு அடைத்தால் வள்ளத்தை எடுத்துத் துழாவு, ஒரு துழாவலுக்கு ஒரு மூச்சு, நூறு வரை எண்ணு. அழுகை வந்தால் ஆற்றில் முங்கி அழு, எவனுக்கும் தெரியாது. இதெல்லாம் நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அப்பன் செத்தபோதும், மூத்த மகன் பேசாமல் வீட்டை விட்டுப் போனபோதும் நானே கண்டுபிடித்தவை.

“முங்கி அழறது நல்லா இருக்கு சேட்டா. ஆனா மூச்சு எடுக்க மேல வரணுமே” என்றான்.

சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் ஒரு பெண் வந்து மனசுக்கு ஆலோசனை சொல்வாள். லீலாமணி அங்கேயும் அழைத்துப் போனாள். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கிறதுக்கு ஒரு பேர் வையுங்கள், கோபமா, துக்கமா, குற்ற உணர்ச்சியா என்று தினமும் சாயங்காலம் உங்களையே கேளுங்கள் என்றாளாம். பிறகு, செத்தவர்களுக்குச் சொல்ல நினைத்ததைக் கடிதமாக எழுதுங்கள் என்றாளாம்.

“வாத்துக்குக் கடிதமா!” என்றேன் நான்.

“எனக்கு எழுத வராது, அதுங்களுக்குப் படிக்க வராது, சரியாப் போச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்டயே சொல்லிட்டார்” என்று லீலாமணி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனாலும் அவன் எல்லாவற்றையும் செய்தான். அதுதான் எனக்கு ஆச்சரியம். சோம்பேறியாகக் கிடந்திருந்தால் நானே திட்டிவிட்டுப் போயிருப்பேன். நாலு மணிக்கு எழுந்தான், குளித்தான், கஞ்சி குடித்தான், நூறு எண்ணித் துழாவினான். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து உள்ளே இருப்பதற்குப் பேர் வைத்தான். ஒரு நாள் என்ன பேர் வைத்தாய் என்று கேட்டேன். “எல்லா நாளும் ஒரே பேர்தான் வருது சேட்டா, மாத்தி வைக்க வரல” என்றான். ஆனால் தூக்கம் திரும்பியது. மீன்கறி உப்பா இல்லையா என்று சொல்கிற அளவுக்கு நாக்கு திரும்பியது. குரல் மட்டும் திரும்பவில்லை.

வாத்து வளர்க்கக் கூடாது என்று போட்ட தடையை நீக்கிய பிறகு, ஆனி மாதம் நான் புதுக் குஞ்சு இறக்கினேன். அவனுக்கும் ஆயிரம் குஞ்சு இறக்கச் சொன்னேன். மாட்டேன் என்றான். நான் விடவில்லை. எனக்கு அப்போது ஒரே எண்ணம்தான். வாத்துக்காரனுக்குத் தொழில் போனால் மனசும் போய்விடும், குஞ்சு காலில் வந்து உரசினால் தொண்டை தானாகத் திறக்கும். மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் கூப்பிட்டுவிட்டான் என்றால் பிழைத்தான். இல்லை என்றால் அவன் வாத்துக்காரன் இல்லை, வேறு எந்த வேலையும் தெரியாத அறுபது வயசு ஆள்.

முதல் வாரம் போனது. குண்டு பல்பின் கீழே மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன. அவன் வாயைத் திறக்கவில்லை. தீனி போடும்போது ஒரு பழைய எண்ணெய் டின்னை எடுத்துக் குச்சியால் தட்டினான். டக் டக் டக். குஞ்சுகள் ஓடி வந்தன.

“என்னடா இது, கோயில் மேளமா?” என்றேன்.

“வருதே சேட்டா. குரலோ டின்னோ, வந்தாப் போதாதா?”

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேலை நடக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிய தருணங்கள் என் வாழ்க்கையில் குறைவு. அதில் இது ஒன்று, செய்திருக்கவே கூடாதது.

இரண்டாவது வாரக் கடைசியில் லீலாமணி மூச்சிரைக்க என் வீட்டுப் படியேறி வந்தாள்.

“சேட்டா, கூப்பிடுறார்!”

“யாரை?”

“குஞ்சுங்களை. நான் பட்டிக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். சத்தமா இல்ல. வாய்க்குள்ளேயே, தாலாட்டு மாதிரி. ஹோய் மக்களே வான்னு. குஞ்சு எல்லாம் மடியில ஏறிக் கழுத்து வரைக்கும் வருது. என்னைப் பாத்ததும் நிறுத்திட்டு டின்னை எடுத்துட்டார்.”

நான் அன்றைக்கு என் மோட்டார் வள்ளத்தில் போய் நல்ல கரிமீனாகப் பார்த்து வாங்கி வந்து அவர்கள் வீட்டில் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை. என் மருந்து வேலை செய்துவிட்டது என்று எனக்குள்ளே மீசையை முறுக்கிக்கொண்டேன். இன்று வாய்க்குள், நாளை வரப்பின் மேல். அவ்வளவுதானே?

ஓணம் கழிந்தது. வாத்துகள் வளர்ந்து காயலுக்கும் வாய்க்காலுக்கும் போய் வந்தன. காலையில் டின், சாயங்காலம் டின். இதற்குள் அவன் பட்டிக்குத் தெற்கே இருந்த வயலில் நெல் பழுத்துவிட்டது. நெல் பழுத்தால் எங்கள் ஊரில் என்ன செய்வோம்? கிளியையும் காட்டு வாத்தையும் விரட்ட வரப்புக்கு வரப்பு ஆள் நிறுத்தி டின் தட்டுவோம். நான் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். அவனும் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். இரண்டு பேருக்கும் மண்டையில் உறைக்கவில்லை. ஊரே பறவையை விரட்டுகிற சத்தத்தை இவன் தன் வாத்துக்குச் சோற்று மணியாகப் பழக்கி வைத்திருந்தான்.

ஒரு வியாழக்கிழமை, மூன்று மணி இருக்கும். தெற்கு வயலில் கிளி இறங்கியது என்று காவல்காரர்கள் தட்டத் தொடங்கினார்கள். வாய்க்காலில் மேய்ந்துகொண்டிருந்த விசுவம்பரனின் வாத்து மொத்தமும் தலையைத் தூக்கியது. பிறகு கரை ஏறி, வரப்பைத் தாண்டி, நேராகப் பழுத்த நெல்லுக்குள் இறங்கியது. காவல்காரர்கள் பயந்துபோய் இன்னும் பலமாகத் தட்டினார்கள். தட்டத் தட்ட வாத்து அவர்கள் காலடிக்கே ஓடி வந்தது. அடுத்த வயல்காரர்களும் உதவிக்கு வந்து தட்டினார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வரப்பில் ஊர்க் கூட்டம் பாதி நிற்கிறது. “நிறுத்துங்கடா டின்னை!” என்று கத்தினேன். நிறுத்தினார்கள். பிரயோஜனம் இல்லை. சத்தம் கேட்டால் சோறு என்று படித்த வாத்து, சத்தம் கேட்டு வந்தது, சோறும் கிடக்கிறது. ஏன் போகும்? விசுவம்பரன் வாய்க்காலில் வள்ளத்தில் நின்று தன் டின்னைத் தட்டினான். ஒரு வாத்துகூடத் தலை தூக்கவில்லை. பெண்கள் முறத்தால் அடித்தார்கள். வாத்து இந்தப் பக்கம் ஓடினால் இந்தப் பக்கக் கதிர் சாய்ந்தது, அந்தப் பக்கம் ஓடினால் அந்தப் பக்கக் கதிர் சாய்ந்தது.

“கூப்பிடுய்யா!” என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் எல்லோரும். “அட கூப்பிடு விசுவம்பரா! நாலு மாச உழைப்பு போகுது, வாயைத் திறயேன்!”

“தா தா தா” என்று நான் என் குரலில் கூப்பிட்டுப் பார்த்தேன். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, சனியன்கள்.

வரப்பிலிருந்து குதித்து அவன் வள்ளத்தில் ஏறினேன். “எடா, உன் குரல் அதுக்குத் தெரியும். லீலாமணி கேட்டிருக்கா. வாய்க்குள்ள கூப்பிட்டியே, அதையே கொஞ்சம் சத்தமாக் கூப்பிடு. ஒரே ஒரு தடவை.”

அவன் வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. ‘ஹோ’ என்கிற எழுத்துக்கு உதடு குவிந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு மூடிக்கொண்டான்.

“வரலையாடா? தொண்டை அடைக்குதா? மூச்சை இழுத்து விடு, எண்ணு…”

“தொண்டைக்கு ஒண்ணும் இல்ல சேட்டா” என்றான், ரொம்ப மெதுவாக. வரப்பில் கழி வைத்துக்கொண்டு நிற்கிற ஆட்களைப் பார்த்தான். “கூப்பிட்டா வந்துரும். அதான்.”

பத்து மாதமாக நான் அவன் தொண்டைக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். அவனுடைய சங்கடம் வேறு. வராமல் போய்விடுமோ என்று அவன் ஒரு நாளும் பயப்படவில்லை. அன்றைக்கு நான் சங்கனாச்சேரியில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டதும் எல்லாம் திரும்பியதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் வேலி நட்டு எழுந்திருப்பேனா? எழுந்திருப்பேன் என்றுதான் வாய் சொல்லத் துடிக்கிறது. ஆனால் தெரியாது. இதைச் சொல்கிறபோது பொய் சொல்லக் கூடாது.

அவன் வள்ளத்தை விட்டு இறங்கி நெல்லுக்குள் போனான். ஒவ்வொன்றாகக் கையால் பிடித்தான். பிடித்த வாத்து ஒன்றும் துடிக்கவில்லை, அவன் கை என்பதால் அப்படியே கிடந்தது. நாங்கள் வலையும் கூடையும் கொண்டு வந்தோம். பொழுது சாயும்போது ஆயிரத்தில் முக்கால்வாசியைக் கரை சேர்த்தோம். வயல் தரையோடு தரையாகக் கிடந்தது. எவனும் அவனை அடிக்கவில்லை, ஏசக்கூட இல்லை. சுகுணனின் நிலமும் அதில் ஒரு துண்டு. அவன்கூட வரப்பில் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டானே தவிர, கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது ஏச்சைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் வயல்காரர்கள் கூடி, இனி அந்தப் பக்கம் விசுவம்பரன் வாத்து விடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். முடிவைச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். நான் போகும்போதே அவன் வாத்துகளைக் கூடையில் ஏற்றிக்கொண்டிருந்தான். வியாபாரியை அவனே காலையில் நடந்து போய் அழைத்து வந்திருக்கிறான்.

“என் பட்டியில சேத்துக்கறேன்டா” என்றேன்.

“மூணு வாரம் தாண்டியாச்சே சேட்டா. உங்க குரலுக்கு வராது.”

அது எனக்கும் தெரியும். சும்மாதான் சொன்னேன்.

லீலாமணி கதவோரம் நின்று, “ஒரு வாத்தையாவது நிறுத்தி வைங்க, வீட்டுக்கு” என்றாள். அவன் கேட்காத மாதிரி கூடையைக் கட்டினான்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது அவன் வாய்க்காலில் ஆகாயத்தாமரை வாருகிற கூலிக்காரர்களோடு போகிறான். நாலு மணிக்கு எழுகிறான், குளிக்கிறான், கஞ்சி குடிக்கிறான். நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றையும் அவன் விடவில்லை. அதனால்தான் அவன் இன்றும் நடமாடுகிறான் என்று லீலாமணி சொல்வாள். எனக்குப் பெருமையாக இருக்க வேண்டும். முன்பு என்றால் கள்ளுக்கடையில் நாலு பேரிடம் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து நான் அவன் வீட்டுக்குப் போவேன். இரண்டு பேரும் மரவள்ளிக்கிழங்கும் மீனும் தின்போம். புது வழி எதுவும் நான் சொல்வதில்லை, என்னிடம் இல்லை. போன வாரம் எழுந்து வரும்போது, “சாயங்காலம் இன்னும் பேர் வைக்கறியாடா?” என்று கேட்டேன்.

“வைக்கறேன் சேட்டா.”

“அதே பேர்தானா?”

தட்டைக் கழுவிக்கொண்டே ஆமாம் என்று தலையை ஆட்டினான்.